சின்ன நாட்டுக்கு வெளியுறவுக் கொள்கை உண்டா? கத்தாரை முன்வைத்து

கேள்வி: 10 செப்டம்பர் 2025

நேற்று இஸ்ரேல் கத்தார் தலைநகர் தோஹாவிலேயே குண்டு போட்டுவிட்டது. 10,000 அமெரிக்கப் படையினர் இருக்கும் நாடு அது. தாலிபானுக்கு அலுவலகம் கொடுத்தார்கள், ஹமாஸுக்கு இடம் கொடுத்தார்கள், ஈரானோடும் பேசினார்கள். என்ன பலன்? சின்ன நாடு ஒரு பெரிய நாட்டின் பின்னால் ஒழுங்காக நிற்க வேண்டும். அரபு உலகத்தில் நேற்றைய எதிரி இன்றைக்குத் தோழன், இன்றைய தோழன் நாளைக்கு எதிரி. இதில் கத்தார் மாதிரி ஒரு நாட்டுக்கு வெளியுறவுக் கொள்கை என்று ஒன்று இருக்கவே முடியாது. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

10 செப்டம்பர் 2025, இரவு

மறுக்கிறேன் தம்பி. ஒரு பெரிய நாட்டின் பின்னால் நின்றால் என்ன ஆகும் என்பதை 2017-இல் தோஹாவில் பார்த்தவன் நான். உணவுப் பொருள் இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் கிளியரிங் வேலை.

அதுவரை கத்தாரின் அன்றாட வாழ்க்கை முழுக்க சவூதியையும் எமிரேட்ஸையும் நம்பி இருந்தது. தரை எல்லை சவூதியோடு மட்டும்தான். அபு சம்ரா என்ற ஒரே வாசல். நாட்டுக்குள் வரும் உணவில் சுமார் 40 சதவீதம் அந்த வாசல் வழியாக லாரியில் வந்தது. பால், தயிர், லபன் எல்லாம் பெரும்பாலும் சவூதியின் அல்மராய் கம்பெனியிலிருந்து. கப்பல் சரக்கில் பெரும்பங்கு துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து சின்னக் கப்பலில் ஏறி வரும். தலைக்கு மேலே இருக்கும் வானத்தில் விமானங்களை வழிநடத்தியதுகூட பஹ்ரைன்தான்.

ஜூன் 5, ரமலான் பத்தாம் நோன்பு. விடியும்போதே செய்தி வந்துவிட்டது. சவூதி, எமிரேட்ஸ், பஹ்ரைன், எகிப்து நான்கும் உறவை முறித்துவிட்டன. தரை, கடல், வானம் மூன்றும் அடைப்பு. மூன்று வளைகுடா நாடுகளில் இருந்த கத்தாரிகள் 14 நாளில் வெளியேற வேண்டும். அன்று மதியம் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் பாலும் கோழியும் இருந்த தட்டுகள் துடைத்து வைத்த மாதிரி இருந்தன. எங்கள் லாரிகள் சவூதி எல்லையில் சல்வா பக்கம் வரிசையில் நின்றன. கண்டெய்னர்கள் ஜெபல் அலியில் மாட்டிக்கொண்டன. தினமும் பேசிப் பழகிய துபாய் ஏஜெண்ட் போனை எடுக்கவே இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வாரத்திலேயே கத்தாருக்கு அனுதாபம் காட்டி எழுதினால் 15 வருடம் வரை சிறை என்று எமிரேட்ஸ் அறிவித்தது.

இத்தனைக்கும் இரண்டு வருடம் முன்பிருந்து கத்தார் படையும் சவூதியோடு சேர்ந்து யேமன் போரில் நின்றது. தோழமை இருந்தது, விசுவாசம் இருந்தது. வாசலை அடைக்க ஒரு ராத்திரி போதுமாக இருந்தது.

11 செப்டம்பர் 2025, காலை

விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். வாசலை அடைத்த பிறகு நாடு எப்படிப் பிழைத்தது என்பதில்தான் கேள்விக்கான பதில் இருக்கிறது.

முதலில் ஈரான். ஈரான் தன் வான்வெளியைத் திறந்துவிட்டது. கத்தார் ஏர்வேஸ் விமானங்கள் வடக்கே திரும்பி ஈரான் மேலே பறந்தன. காய்கறியும் பழமும் விமானத்தில் வந்தன. இரண்டு நாட்டுக்கும் நடுவில் கடலுக்கு அடியில் இருப்பது ஒரே எரிவாயுப் படுகை. கத்தார் பக்கம் அதற்கு நார்த் ஃபீல்ட் என்று பெயர், ஈரான் பக்கம் சவுத் பார்ஸ். உலகத்திலேயே பெரியது. கத்தாரின் செல்வத்தில் பெரும்பகுதி அதிலிருந்துதான். அதே படுகையில் அந்தப் பக்கம் நின்று எடுப்பவனோடு எப்படிப் பேசாமல் இருக்க முடியும்? 2016 ஜனவரியில் சவூதிக்கு ஆதரவு காட்டுவதற்காகத் தெஹ்ரானிலிருந்து தன் தூதரைக் கத்தார் திரும்ப அழைத்துக்கொண்டது. அப்போதும் உறவை முழுசாக அறுக்கவில்லை. 2017 ஆகஸ்டில் தூதரைத் திருப்பி அனுப்பியது.

அடுத்து துருக்கி. முற்றுகை தொடங்கிய மூன்றாம் நாளே, ஜூன் 7 அன்று, கத்தாருக்குப் படை அனுப்பும் தீர்மானத்தை அங்காரா நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இது திடீர் நட்பு கிடையாது; கத்தாரில் துருக்கி ராணுவத் தளத்துக்கான ஒப்பந்தம் 2014-லேயே கையெழுத்தாகி இருந்தது. சில நாட்களில் கடைத் தட்டுகளில் துருக்கிப் பால் வந்து நின்றது. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் நாங்கள் வாங்கிக் குடித்தோம். அடுத்த வருடம் ஆகஸ்டில் துருக்கி நாணயமான லிரா விழுந்தபோது, துருக்கியில் 1,500 கோடி டாலர் முதலீடு செய்வதாகக் கத்தார் அறிவித்தது.

ஓமன் சத்தமே போடாமல் சோஹார், சலாலா துறைமுகங்களைக் கொடுத்தது. எங்கள் சரக்கில் முதலில் வந்து சேர்ந்தது சோஹார் வழியாகத்தான். அப்புறம் இந்தியத் துறைமுகங்களான முந்த்ராவிலிருந்தும் நவசேவாவிலிருந்தும் நேராகக் கத்தாரின் ஹமாத் துறைமுகத்துக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. ஜெபல் அலி இல்லாமலே இந்திய அரிசியும் வெங்காயமும் வரும் என்பது எங்கள் மேலாளருக்கே அதுவரை தோன்றாத விஷயம்.

ஈரான், துருக்கி, ஓமன் மூன்றோடும் முன்பே பேச்சு வைத்திருந்ததால்தான் அந்த ஜூனில் போன் அடித்து உதவி கேட்க முடிந்தது. கொள்கை இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

11 செப்டம்பர் 2025, மாலை

"பணம் இருந்தது, பிழைத்தார்கள், அவ்வளவுதான்" என்று ஒருவர். பணம் பெரிய காரணம், மறுக்கவில்லை. முதல் இரண்டு மாதத்தில் மட்டும் 3,850 கோடி டாலரைச் சேமிப்பிலிருந்து எடுத்து நாட்டுக்குள் இறக்கினார்கள் என்று மூடிஸ் நிறுவனம் மதிப்பிட்டது. ஜூலையிலேயே கறவை மாடுகளை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பலத்னா என்ற பண்ணை பாலைவனத்தில் வளர்ந்து, இரண்டு வருடத்தில் பாலை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிலைக்கு வந்தது. ஆனால் அந்த மாடுகள் வந்த விமானம் எந்த வானத்தில் பறந்தது? அதைப் பணம் கொடுத்து ஒரே நாளில் வாங்க முடியாது.

12 செப்டம்பர் 2025

"கத்தார் பதிலுக்கு எமிரேட்ஸுக்கு எரிவாயுவை நிறுத்தியது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. நிறுத்தவே இல்லை. கத்தாரின் ராஸ் லஃபானிலிருந்து கடலுக்கு அடியில் அபுதாபிக்குப் போகும் டால்ஃபின் குழாயில் 2007 முதல் நாளுக்குச் சுமார் 200 கோடி கன அடி எரிவாயு போகிறது. முற்றுகை நடந்த மூன்றரை வருடமும் போனது. துபாயில் ஏசி ஓடியதில் கத்தார் எரிவாயுவுக்கும் பங்கு உண்டு.

அந்தச் சமயம் தோஹாவில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கே இது எரிச்சலாக இருந்தது. மூடிவிட்டால் என்ன என்று கேன்டீனில் தினமும் பேச்சு. மூடாததை வெறும் பெருந்தன்மை என்று நான் நினைக்கவில்லை. எரிவாயு விற்றுப் பிழைக்கும் நாடு, கோபம் வந்தால் குழாயை மூடும் நாடு என்று பெயர் எடுத்துவிட்டால், ஜப்பானும் கொரியாவும் இந்தியாவும் அடுத்த 20 வருட ஒப்பந்தத்தில் எப்படிக் கையெழுத்துப் போடும்? எதிரி கையில் ஒரு சாக்கு கொடுக்காமல் இருந்ததும் அதில் சேர்த்திதான்.

12 செப்டம்பர் 2025, இரவு

13 கோரிக்கைகள் என்ன என்று கேட்ட தம்பிக்கு: முற்றுகை போட்ட நான்கு நாடுகளும் கத்தாருக்கு 2017 ஜூன் 22 அன்று கொடுத்தார்கள், 10 நாள் கெடு. கத்தாரின் அல் ஜசீரா தொலைக்காட்சியை மூடு, துருக்கித் தளத்தை மூடு, ஈரானோடு உறவைக் குறை, முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தோடு தொடர்பை அறு, நஷ்டஈடு கொடு, இப்படிப் போகும். 2021 ஜனவரி 5 அன்று சவூதியின் அல் உலாவில் அந்நாட்டுப் பட்டத்து இளவரசர் முகம்மது பின் சல்மான் விமானப் படியடியில் நின்று கத்தாரின் ஆட்சியாளரான எமிர் தமீமைக் கட்டிப்பிடித்தபோது அல் ஜசீரா ஓடிக்கொண்டிருந்தது, துருக்கிப் படை அங்கேயேதான் இருந்தது. சர்வதேச அமைப்புகளில் தொடுத்த வழக்குகளைக் கைவிட கத்தார் சம்மதித்தது. கண்ணுக்குத் தெரிந்த விட்டுக்கொடுப்பு அவ்வளவே.

13 செப்டம்பர் 2025

குவைத்தைப் பற்றி யாருமே பேசவில்லை. எனக்கு இதில் ஆதங்கம் உண்டு.

எமிர் ஷேக் சபாஹ். அப்போது வயது 88-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. முற்றுகை அறிவித்த மறுநாளே, நோன்பு நேரத்தில், சவூதிக்குப் போனார். அப்புறம் எமிரேட்ஸ், அப்புறம் தோஹா. ஆட்சிக்கு வருவதற்கு முன்பு 40 வருடம் குவைத்தின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். 1990 ஆகஸ்ட் 2 அன்று பெரிய அண்டை நாடு சின்ன நாட்டை ஒரே நாளில் விழுங்கியதைப் பார்த்தவர். தோஹாவில் என்ன நடக்கலாம் என்பதை அவர் அளவுக்கு யாரும் புரிந்துகொண்டிருக்க முடியாது. செப்டம்பரில் வாஷிங்டன் போனபோது, ராணுவ நடவடிக்கையைத் தடுத்துவிட்டோம், அதுதான் முக்கியம் என்று வெளிப்படையாகவே சொன்னார். படை இறங்கும் பேச்சு நிஜமாகவே இருந்தது என்று எங்களுக்கெல்லாம் அப்போதுதான் உறைத்தது. ஜூனில் கேம்பில் வதந்தியாகப் பேசி, பெரியவர்கள் அதட்டி நிறுத்திய விஷயம் அது.

சமாதானத்தைப் பார்க்காமலே 2020 செப்டம்பர் 29 அன்று அவர் காலமானார். மூன்று மாதம் கழித்து, எல்லை திறக்கிறது என்ற அறிவிப்பைத் தொலைக்காட்சியில் வாசித்தது குவைத்தின் வெளியுறவு அமைச்சர். அன்று எங்கள் அறையில் ஒரு மலையாளி அண்ணன், குவைத்தில் முன்பு வேலை பார்த்தவர், அந்தப் பெரியவர் பெயரைச் சொல்லிக் கண் கலங்கினார். குவைத்தும் சின்ன நாடுதான் தம்பி. யார் பின்னால் நின்றது? இரண்டு பக்கமும் கதவைத் தட்டும் உரிமையைக் கடைசி வரை விடாமல் வைத்திருந்தது.

13 செப்டம்பர் 2025, பிற்பகல்

ஜோர்டானையும் இதே வரிசையில் பாருங்கள். பிழைப்புக்கு வளைகுடாப் பணத்தை நம்பும் நாடு. சவூதி பக்கம் சாய்ந்தாக வேண்டும், கத்தாரையும் இழக்க முடியாது. உறவை முறிக்காமல் தரத்தை மட்டும் குறைத்தார்கள், அல் ஜசீரா அலுவலகத்தை மூடினார்கள், 2019-இல் தூதரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எகிப்து உறவை முறித்தது, ஆனால் கத்தாரில் வேலை செய்த தன் மக்களை ஊருக்குக் கூப்பிடவில்லை. கத்தாரும் அவர்களை வெளியேற்றவில்லை. எங்கள் ஆபீஸில் கணக்கு பார்த்த எகிப்தியர் முற்றுகை முழுக்க அதே நாற்காலியில்தான் இருந்தார்.

14 செப்டம்பர் 2025

மேலே நான் எழுதியதையெல்லாம் திரும்பப் படித்தேன். தூதர்கள், தளங்கள், குழாய்கள். மனுஷர்கள் குறைவாக இருக்கிறார்கள்.

வளைகுடாவில் எல்லைக் கோடு குடும்பத்துக்குள்ளேயே ஓடும். கத்தாரி கணவன், பஹ்ரைன் மனைவி. தாய் சவூதி, பிள்ளைகள் கத்தாரி. 14 நாள் கெடு இவர்களைப் பிரித்தது. எங்கள் கம்பெனியின் கத்தாரி பங்குதாரர் ஒருவருக்கு அக்கா தம்மாமில். தம்மாம் எல்லையிலிருந்து சில மணி நேரப் பயணம்தான். பெருநாளைக்குக்கூடப் பார்க்க முடியவில்லை. அதுவரை எங்களிடம் வேலை தவிர வேறு எதுவும் பேசாதவர், அந்தப் பெருநாள் அன்று எங்கள் அறைக்கு வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

கத்தாரிகளின் ஒட்டகங்களும் ஆடுகளும் சவூதி பக்கத்து மேய்ச்சலில் இருந்தன. ஆயிரக்கணக்கில் விரட்டிவிட்டார்கள், வெயிலில் தண்ணீர் இல்லாமல் நிறையச் செத்தன. அதை உலகம் பூராவும் படம் எடுத்துப் போட்டது. அந்த ஒட்டகங்களை மேய்த்த ஆட்களைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை. கத்தாரி கஃபீலிடம், அதாவது விசா கொடுத்த முதலாளியிடம், வேலை செய்துகொண்டு சவூதி மண்ணில் மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார்கள். முதலாளி வர முடியாது, இவர்கள் போக முடியாது. 13 கோரிக்கைகளிலோ, அதற்குக் கத்தார் சொன்ன பதில்களிலோ இவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது.

தோஹாவின் தொழிற்பேட்டையான சனாயா பக்கம் கட்டட வேலை செய்த நம் பையன்களுக்கு முதல் பயம் விலைவாசி, இரண்டாவது பயம் சம்பளம். நான் இருந்த கம்பெனியில் இரண்டு மாதச் சம்பளம் தள்ளிப் போனது. முற்றுகைதான் காரணம் என்றார்கள். பாதி உண்மை.

16 செப்டம்பர் 2025

நேற்று தோஹாவில் அரபு, இஸ்லாமிய நாடுகளின் அவசர உச்சிமாநாடு முடிந்தது. கண்டனம் கடுமை, செயல் குறைவு என்று எல்லாரும் எழுதுகிறார்கள். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் என்னை உலுக்கியது மாநாடு இல்லை. தாக்குதலுக்கு மறுநாள், செப்டம்பர் 10 அன்று, முதல் ஆளாக வந்தவர்களில் எமிரேட்ஸ் அதிபர் முகம்மது பின் சயீத் இருந்தார். 2017-இல் அந்த வாசலை அடைத்தவர்களில் முன்னணியில் நின்றவர். 2020 முதல் இஸ்ரேலோடு தூதரக உறவு வைத்திருப்பவர். அவர் தோஹா விமான நிலையத்தில் தமீமைத் தழுவுகிறார்.

கேள்வி கேட்ட தம்பி இதைத்தான் "நேற்றைய எதிரி இன்றைக்குத் தோழன்" என்று நிலையில்லாமைக்கு உதாரணமாகச் சொல்வார். எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. அபுதாபிக்கு ஏற்பட்ட பயம் நிஜம். தோஹாவில் விழலாம் என்றால் அங்கேயும் விழலாம். தேவை மாறும்போது கூட்டணி மாறும். அந்த நேரத்தில் உள்ளே வருகிறவனுக்கு வழி இருக்க வேண்டும். முற்றுகைக் காலத்தில் டால்ஃபின் குழாயை மூடாமல் விட்டதும் இந்த வழியில் சேரும்.

16 செப்டம்பர் 2025, இரவு

கொஞ்சம் கிளைக் கதை. 2019 ஜனவரி 29, அபுதாபியில் ஆசியக் கோப்பை அரையிறுதி. முற்றுகையின் நடுவில் கத்தாரும் எமிரேட்ஸும் மோதுகின்றன. கத்தார் ரசிகர்கள் அங்கே போக வழியில்லை. ரசிகர்கள் பக்கத்திலிருந்து மைதானத்துக்குள் செருப்பும் பாட்டிலும் பறந்தன, கத்தார் 4-0. இறுதியில் ஜப்பானை 3-1. அன்றிரவு கோர்னிஷ் கடற்கரைச் சாலையில் வண்டி நகரவில்லை. கார் கண்ணாடி எல்லாவற்றிலும் தமீமின் அந்தக் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம். வங்காளி, நேபாளி, மலையாளி, நம் ஆட்கள் எல்லாரும் ஹாரன் அடித்துக்கொண்டு போனோம். யாருக்கும் அது ஊர் இல்லை. ஆனாலும் அன்று அப்படித்தான் இருந்தது. முற்றுகை ஒரு நாட்டைக் கட்டியது என்று கத்தாரிகள் சொல்வதை நான் முழுக்க நம்புகிறேன்.

18 செப்டம்பர் 2025

சவூதியும் பாகிஸ்தானும் நேற்று ரியாத்தில் பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டுவிட்டன. ஒருவர் மீதான தாக்குதல் இருவர் மீதான தாக்குதல். பேச்சுவார்த்தை வெகுகாலமாக நடந்திருக்கும். ஆனால் தோஹாவில் புகை அடங்கி எட்டே நாளில் கையெழுத்து என்பதை யாரும் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தம்பி, நீங்கள் சொல்லும் அந்தப் பெரிய நாடே தனக்கு ஒரு கதவு போதாது என்று இன்னொன்றைத் தேடுகிறது பாருங்கள். சவூதி 2015 மார்ச்சில் யேமனில் இறங்கியபோது சில வாரத்தில் முடியும் என்ற நம்பிக்கையோடு இறங்கியது. வருடக்கணக்கில் இழுத்தது. கூடப் போன எமிரேட்ஸ் தெற்கில் பிரிவினைவாதிகளுக்கு ஆயுதம் கொடுத்தது, சவூதி ஆதரித்த அரசோடு அதே ஆட்கள் ஏடனில் மோதினார்கள். ஒரே கூட்டணிக்குள் இரண்டு போர். 2019-இல் சவூதி எண்ணெய் நிலையங்களான அப்கைக், குரைஸ் மேல் தாக்குதல் நடந்தபோது வாஷிங்டன் கோபப்பட்டதோடு சரி. அதற்குப் பிறகுதான் பாக்தாதிலும் ஓமனிலும் ஈரானோடு ரகசியப் பேச்சு தொடங்கி, 2023 மார்ச் 10 அன்று பெய்ஜிங்கில் கையெழுத்தில் முடிந்தது. 2017-இல் ஈரானோடு பேசியதற்காகக் கத்தாரைத் தண்டித்த நாடு, ஆறு வருடத்தில் அதே ஈரானோடு கை குலுக்கியது.

19 செப்டம்பர் 2025

"இதில் நமக்கு என்ன?" என்று கேட்டவருக்கு. கத்தாரில் இந்தியர்கள் 8 லட்சம் பேர். வருடத்துக்கு 75 லட்சம் டன் திரவ எரிவாயு வாங்கும் ஒப்பந்தத்தை 2028-லிருந்து இன்னும் 20 வருடத்துக்கு நீட்டித்து இந்தியாவின் பெட்ரோநெட் நிறுவனம் 2024 பிப்ரவரி 6 அன்று கையெழுத்திட்டது. தோஹாவில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது குறைக்கப்பட்டிருந்த 8 முன்னாள் இந்தியக் கடற்படையினர் விடுதலையான செய்தி அதே பிப்ரவரி 12 அன்று வந்தது. இரண்டும் ஒன்றுக்கு ஒன்று விலை என்று நான் சொல்ல மாட்டேன். பேச ஆள் இருந்தது, அது போதும். 2017-இல் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் இது வளைகுடா நாடுகளின் உள்விவகாரம், எங்கள் கவலை அங்குள்ள இந்தியர்கள் மட்டும் என்று சொன்னபோது, தோஹாவில் இருந்த எங்களுக்கு அது கைவிட்ட மாதிரி இருந்தது. இன்று யோசித்தால், கத்தார், சவூதி, எமிரேட்ஸ், பஹ்ரைன் எல்லாவற்றிலும் லட்சக்கணக்கில் ஆட்களை வைத்திருக்கும் அரசு வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று படுகிறது. அந்த ஜூனின் பயமும் எனக்கு மறக்கவில்லை. இரண்டையும் சேர்த்தேதான் வைத்திருக்கிறேன்.

2 அக்டோபர் 2025

இரண்டு செய்திகள். செப்டம்பர் 29 அன்று நெதன்யாகு வெள்ளை மாளிகையிலிருந்து கத்தார் பிரதமருக்குத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். கத்தார் மீதான ஆயுதத் தாக்குதலை அமெரிக்காவின் அமைதிக்கும் பாதுகாப்புக்கும் அச்சுறுத்தலாகக் கருதுவோம் என்று டிரம்ப் கையெழுத்திட்ட ஆணை நேற்று வெளியானது.

இதை வெற்றி என்று கொண்டாடும் தோஹா நண்பர்களோடு நேற்று வெகுநேரம் பேசினேன். எனக்குக் கொண்டாடத் தோன்றவில்லை. 11-ஆம் தேதி நான் எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள்.

கத்தாரில் இருக்கும் அமெரிக்காவின் அல் உதைத் தளம் யாரிடமிருந்து கத்தாரைக் காக்கிறது? 2017 ஜூன் 6 அன்று, தளம் அங்கேயே இருக்க, டிரம்ப் முற்றுகையைப் பாராட்டி ட்விட்டரில் எழுதினார். அடுத்த வாரம் அவருடைய பாதுகாப்பு அமைச்சர் 1,200 கோடி டாலருக்கு எஃப்-15 விமானங்களைக் கத்தாருக்கு விற்றுக் கையெழுத்துப் போட்டார். 2025 ஜூன் 23 அன்று அந்தத் தளம் இருந்த காரணத்தாலேயே ஈரான் ஏவுகணை வந்தது; ஈரானின் அணு நிலையங்களை அமெரிக்கா தாக்கியதற்கு வாங்கிய அடி கத்தார் வானத்தில். முன்கூட்டியே தகவல் கொடுத்துவிட்டுச் சுட்டார்கள், உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் 2017-இல் வானத்தைத் திறந்துவிட்ட நாடு அது. அப்புறம் செப்டம்பர் 9. அமெரிக்க அதிகாரியின் போன் வந்தது குண்டு விழுந்து பத்து நிமிடம் கழித்து என்று பிரதமர் முகம்மது பின் அப்துல்ரஹ்மானே சொன்னார். கத்தார் பாதுகாப்புப் படையைச் சேர்ந்த ஒருவரும் அதில் இறந்தார். போர்நிறுத்தம் பேச வந்த ஹமாஸ் ஆட்களைப் பேச்சுவார்த்தை நடக்கும் ஊரிலேயே வைத்து அடித்தார்கள்.

எல்லாருக்கும் கதவு திறந்து வைத்தால் 2017-இல் அந்தக் கதவு வழியாக உணவு வந்தது, 2025-இல் ஏவுகணை வந்தது. கேள்வி கேட்ட தம்பியின் கோபத்தில் இருக்கும் நியாயம் இதுதான். ஆனால் அவர் சொல்லும் மருந்து, ஒருவர் பின்னால் நிற்பது, இந்த நோயைத் தீர்க்காது. அமெரிக்கா பின்னால் நின்றதும் சேர்ந்துதான் அடியை வரவழைத்தது. ஆணையும் ஒரு அதிபரின் கையெழுத்து. அமெரிக்க செனட் ஏற்ற ஒப்பந்தம் கிடையாது. அடுத்தவர் வந்து கிழிக்கலாம்.

3 அக்டோபர் 2025

"அப்படியானால் ஹமாஸ் அலுவலகத்தை மூடிவிட்டால் போச்சு" என்பவர்களுக்கு: 2012-இல் அவர்கள் தோஹாவுக்கு வந்தபோது பேச ஒரு வழி வேண்டும் என்று அமெரிக்கா கேட்டுக்கொண்டதாகக் கத்தார் பலமுறை பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறது. தாலிபான் அலுவலகமும் அப்படித்தான். தாலிபானோடு போட்ட 2020 பிப்ரவரி 29 ஒப்பந்தத்தில் அமெரிக்கா கையெழுத்துப் போட்டது தோஹாவில்தான். எதிரிகள் பேச ஒரு அறை வேண்டும். அந்த அறையைக் கொடுப்பவனை அடித்தால், அடுத்த போரை நிறுத்த எங்கே போய் உட்காருவார்கள்?

14 அக்டோபர் 2025

நேற்று எகிப்தின் ஷர்ம் அல் ஷேக்கில் காசா போர்நிறுத்த ஆவணத்தில் கையெழுத்து. டிரம்ப், எகிப்தின் சிசி, துருக்கியின் எர்டோகான், கத்தாரின் தமீம். நான்கு பேரையும் ஒரே மேசையில் பார்த்தபோது எனக்கு 2017 ஞாபகம் வந்தது. சிசியின் எகிப்து முற்றுகை போட்டது, எர்டோகானின் துருக்கி படை அனுப்பியது, டிரம்ப் ட்வீட் போட்டார், தமீம் முற்றுகைக்குள் இருந்தார். காசாவில் இத்தனை ஆயிரம் பிள்ளைகள் செத்த பிறகு வந்த கையெழுத்து. சந்தோஷப்பட மனம் வரவில்லை. நிற்க வேண்டும் என்று மட்டும் நினைக்கிறேன்.

15 அக்டோபர் 2025

ஒரு தம்பி கேட்கிறார்: கத்தார் செய்தது பணக்கார நாட்டால் மட்டும் முடியும், லெபனானோ யேமனோ எல்லாரோடும் பேசினால் எல்லாரும் உள்ளே புகுந்துவிடுவார்கள் அல்லவா? ஆமாம். இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. கத்தாரில் குடிமக்கள் சுமார் 3 லட்சம் பேர்தான், உள்ளே சண்டை போட்டுக்கொள்ளக் கட்சிகள் இல்லை, முடிவு எடுப்பது ஒரு குடும்பம். லெபனானில் ஒவ்வொரு பிரிவுக்கும் வெளியே ஒரு புரவலர் நாடு. அங்கே கதவைத் திறப்பது அரசு இல்லை, ஆளுக்கு ஒரு கதவு.

6 நவம்பர் 2025

தனியாகக் கேட்ட ஒருவருக்கு எல்லாருக்கும் பயன்படும்படி இங்கேயே பதில். மகனுக்கு ராஸ் லஃபானில் எரிவாயு விரிவாக்கத் திட்டத்தில் வேலை வந்திருக்கிறது, அனுப்பலாமா என்றார். அனுப்புங்கள். உற்பத்தியை வருடத்துக்கு 7.7 கோடி டன்னிலிருந்து 2030-க்குள் 14.2 கோடி டன்னுக்குக் கொண்டுபோகிறார்கள், வேலை இருக்கும். ஒப்பந்தத் தாளில் சம்பளத் தேதி, டிக்கெட் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். துபாய் வழியாக மட்டும் போகும் டிக்கெட்டை நம்பி இருக்க வேண்டாம், மஸ்கட் வழியும் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். 2017-இல் எங்களில் பலர் ஊர் வந்து சேர்ந்தது அந்த வழியில்தான்.

அவர் கேட்ட இன்னொரு கேள்வி, வளைகுடா நாடுகள் மறுபடி ஒன்றையொன்று அடைக்குமா என்பது. மாநாட்டு அறிக்கைகளை வைத்து நான் கணிக்க மாட்டேன். டால்ஃபின் குழாயில் கத்தார் எமிரேட்ஸுக்குக் கொடுக்கும் எரிவாயுவின் ஒப்பந்தம் 2032-இல் முடிகிறது. எமிரேட்ஸ் தனக்கென்று அணு மின் நிலையம் கட்டிவிட்டது, சொந்த எரிவாயு வயல்களையும் வேகமாகத் தோண்டுகிறது. அதற்கு முன்பு இருவரும் உட்கார்ந்து எத்தனை வருடத்துக்கு, என்ன விலைக்குப் புதுப்பிக்கிறார்கள் என்று பாருங்கள். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.